விருப்பம் உள்ளவர்கள் ஒரு அடி முன்னால்

அவர் எங்களுக்கு ஒருநாளும் கட்டளை இட்டதில்லை. என்.சி.சி. பற்றித் தெரிந்தவர்களிடம் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். தொண்டை கிழியக் கத்துவதுதானே அங்கே வேலை என்பார்கள். அந்தக் கத்தலையெல்லாம் அவர் மூத்த மாணவர்களிடம் விட்டிருந்தார். அவருக்கென்று ஒரே ஒரு வாக்கியம் இருந்தது.

"விருப்பம் உள்ளவங்க மட்டும் ஒரு அடி முன்னாடி வாங்க."

சொல்லிவிட்டுக் காத்திருப்பார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, மைதானத்தின் கடைசியில் நிற்கும் வேப்பமரத்தைப் பார்ப்பார். எங்களைப் பார்க்க மாட்டார். முதல் பையன் வருவான், இரண்டாமவன் வருவான், பிறகு வரிசையே நகரும். வராமல் நிற்பவன் மட்டும் தனியாகத் தெரிவான். அப்போதுதான் அவர் திரும்பிப் பார்ப்பார். அந்தப் பார்வையில் கோபம் இருக்காது. இரக்கம் இருக்கும். பதினாலு வயதுப் பையனுக்கு அடியைவிட அது வலிக்கும்.

கறம்பக்குடிப் பக்கத்தில் ஆண்கள் மட்டும் படிக்கும் மேல்நிலைப் பள்ளி எங்களுடையது. அவர் அறிவியல் ஆசிரியர், கூடவே என்.சி.சி. பொறுப்பு. பிற ஆசிரியர்கள் கையில் பிரம்பு இருந்த பள்ளியில் அவர் கையில் எதுவும் இருக்காது. எங்களைத் தம்பி என்பார், வாங்க போங்க என்பார். என் அப்பாகூட என்னை வாங்க என்று சொன்னதில்லை. ஒன்பதாம் வகுப்பில் அவர் பரேடுக்குப் பேர் கொடுக்க எங்கள் வகுப்பில் அடிதடியே நடந்தது. காக்கிச் சட்டை, அகலமான பெல்ட், பரேடு முடிந்ததும் கிடைக்கும் பூரி கிழங்கு இவற்றுக்காக மட்டும் இல்லை. அவர் எங்களை மனிதர்களாக நடத்தினார். அப்படித்தான் நினைத்தோம்.

அவர் சோம்பேறியும் இல்லை. இதைச் சொல்லாமல் விட்டால் நான் பொய்யனாவேன். ஒரு சனிக்கிழமை பரேடு முடிந்ததும், பள்ளிக் கழிவறை அடைத்துக்கொண்டு நாற்றம் வகுப்புவரை வருகிறது என்றார். துப்புரவுக்கு இருந்த அம்மாள் வேலையை விட்டுப் போய் மாதங்கள் ஆகியிருந்தன. விருப்பம் உள்ளவர்களைக் கேட்டார். வேப்பமரத்தைப் பார்த்தார். ஒருவரும் நகரவில்லை. அவர் ஒன்றும் சொல்லாமல் பூட்ஸைக் கழற்றி, பேண்ட்டை முழங்கால்வரை மடித்துவிட்டுக்கொண்டு, வாளியை எடுத்துக்கொண்டு தனியாக உள்ளே போனார். அரை நிமிடத்தில் நாங்கள் அத்தனை பேரும் பின்னால் போனோம். மூக்கைத் துண்டால் கட்டிக்கொண்டு மதியம்வரை கழுவினோம். அன்றைக்கு எனக்கு அவர்மேல் இருந்தது பக்தி என்றே சொல்லலாம்.

என் அப்பாவுக்குப் பக்தி வரவில்லை. அவர் விவசாயி. படிக்க அனுப்பிய பையன் கக்கூஸ் கழுவிவிட்டு வந்தானே என்று திங்கட்கிழமை டி.வி.எஸ். வண்டியை எடுத்துக்கொண்டு பள்ளிக்கே வந்துவிட்டார். ஆசிரியர்கள் அறை வாசலில் நின்று, "எம் மகன எதுக்குங்க அந்த வேலைக்கு விட்டீங்க?" என்று கேட்டார்.

அவர் எழுந்து வந்து அப்பாவுக்கு நாற்காலி போட்டார். என்னை வகுப்பிலிருந்து வரவழைத்தார். தோளில் கை வைத்துக் கேட்டார்.

"தம்பி, நான் ஒங்கள அந்த வேலைய செய்யச் சொன்னேனா?"

"இல்ல சார்."

"பின்ன?"

"நானாத்தான் சார் செஞ்சேன்."

அப்பா என் முகத்தைப் பார்த்தார். அவரைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு, "தெரியாம வந்துட்டேனுங்க" என்றார். சாயங்காலம் வீட்டில் என்னிடம் அப்பா சொன்னது ஒரே வரிதான். "ஒரு வாத்தியார் முன்னாடி என்னக் கூறுகெட்டவனாக்கிட்டியே." எனக்கு அப்போது அப்பாமேல்தான் எரிச்சல் வந்தது. இன்றைக்கு நினைத்தால் என் வாயிலேயே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

பிறகு ஒருமுறை பள்ளி விழாவுக்கு வந்த விருந்தினர் இரண்டு மணி நேரம் தாமதம். வெயிலில் அணிவகுத்து நின்றோம். ஒரு பையன் சுருண்டு விழுந்தான். தண்ணீர் தெளித்து எழுப்பி, மடியில் கிடத்தி, தன் தொப்பியாலேயே விசிறினார். விசிறிக்கொண்டே சொன்னார்: "முடியலன்னா நெழலுக்குப் போயிருக்கலாமே தம்பி. யாரு ஒங்களப் பிடிச்சு வச்சா?" அந்தப் பையன் அவரிடம் மன்னிப்புக் கேட்டான்.

அவரிடம் எனக்குப் புரியாமல் இருந்தது இதுதான். நல்லது நடந்தால் அது நம்ம படை செய்தது. கெட்டது நடந்தால் அவங்களா வந்தாங்க. நடுவில் அவர் எங்கேயும் இருக்க மாட்டார்.

அந்த வருடம் கார்த்திகையில் புயல் அடித்தது. எங்கள் பக்கத்தில் அதைப் பார்த்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஒரே இரவில் தென்னை, பலா, மின்கம்பம் எல்லாம் சாய்ந்தன. மறுநாள் காலையில் அவர் காக்கியைப் போட்டுக்கொண்டு சைக்கிளில் ஊர் ஊராக வந்து எங்களைக் கூட்டினார். சாலையெல்லாம் மரம் கிடந்ததால் பல இடங்களில் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்திருந்தார்.

முதல் நான்கு நாட்களை நான் இன்றும் பெருமையாகத்தான் நினைக்கிறேன். ரோட்டில் கிடந்த மரங்களை வெட்டி ஒதுக்கினோம். பிரசவ வலி வந்த பெண் ஒருத்தியைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு ஆம்புலன்ஸ் நின்ற இடம்வரை போனோம். அவரும் அரிவாள் பிடித்தார். அவர் உள்ளங்கைத் தோல் உரிந்து துணி சுற்றியிருந்தது. நாங்கள் சாப்பிட்ட பிறகுதான் அவர் சாப்பிட்டார்.

ஐந்தாம் நாள் காலை மைதானத்தில் ஒரு டிராக்டர் நின்றது. எங்கள் பள்ளிச் செயலரின் டிராக்டர். செயலருடைய தென்னந்தோப்பு முழுதும் சாய்ந்து கிடந்தது. மரம் அறுக்கும் மெஷினோடு ஆள் வந்திருந்தான். அறுத்த துண்டுகளை உருட்டி ஓரம் சேர்க்கக் கூலிக்கு ஆள் கிடைக்கவில்லை. எல்லோரும் அவரவர் வீட்டுக் கூரையைத் தேடிக்கொண்டிருந்த நேரம் அது.

"இதுவும் ஒரு சேவைதான்" என்றார் அவர். குரல் வழக்கத்தைவிடச் சன்னமாக இருந்தது. "விருப்பம் உள்ளவங்க மட்டும்."

வரிசை நகர்ந்தது. நானும் நகர்ந்தேன். சகாயராஜ் நகரவில்லை.

சகாயராஜ் என் பெஞ்சில் உட்காரும் நண்பன். பட்டாளத்துக்குப் போக வேண்டும் என்று விடியற்காலையில் கருவேலங்காட்டுப் பாதையில் ஓடுகிறவன். அப்பா லாரி ஓட்டப் போய் வடக்கே எங்கோ மாட்டிக்கொண்டிருந்தார். வீட்டில் அம்மாவும் சின்னத் தங்கையும் மட்டும். அம்மா பூத்தோட்டத்துக்குப் பூப் பறிக்கப் போகிறவர். அவர்கள் வீட்டின் ஆஸ்பெஸ்டாஸ் ஓடு பறந்து பக்கத்து வயலில் கிடந்தது. வானம் மறுபடி கறுத்துக்கொண்டு வந்தது.

"சார், வீட்டுக்குப் போறேன் சார். மேல தார்ப்பாய் கட்டணும். அம்மாவால தனியாக் கட்ட முடியாது."

அவர் வேப்பமரத்தைப் பார்க்கவில்லை. அதுவும் சாய்ந்திருந்தது. நேராக இவனைப் பார்த்தார்.

"தாராளமாப் போங்க தம்பி. வீடுதான் முக்கியம். நான் தடுக்கல." கொஞ்சம் நிறுத்தினார். "கேம்ப்புக்குப் பேரு அனுப்ப நாளைக்குக் கடைசி. ஒங்க பேரத்தான் எழுதி வச்சிருந்தேன். பரவால்ல, வேற ஆளப் பாத்துக்கறேன்."

கேம்ப்புக்குப் போனால் பட்டாள அதிகாரிகளை நேரில் பார்க்கலாம். அவன் அந்த ஒரு விஷயத்தை ஆறு மாதமாக என் காதில் ஓதிக்கொண்டிருந்தவன். தரையைப் பார்த்தான். ஒரு அடி முன்னால் வந்தான். நான் அவனுக்கு இரண்டு ஆள் தள்ளி நின்றேன். எல்லாவற்றையும் பார்த்தேன், கேட்டேன்.

தோப்பில் மதியத்துக்கு மேல் ஒரு அடிமரத் துண்டு மோட்டார் கொட்டகைச் சுவரோரம் சிக்கிக்கொண்டது. கீழே ஒரு கல் இடித்தது. "யாராச்சும் அந்தப் பக்கம் போய் அந்தக் கல்ல உருவிட்டா வந்துரும்" என்றார் அவர். யாரென்று சொல்லவில்லை. சகாயராஜ் போனான். குனிந்து கையை விட்டு உருவினான். கல் வந்தது, மரமும் வந்தது. கைக்கும் சுவருக்கும் நடுவில் இடமே இல்லை.

அந்தச் சத்தத்தை எழுத வேண்டாம்.

அவர்தான் முதலில் ஓடினார். மரத்தை நெம்பியது, தன் சட்டையைக் கிழித்துக் கட்டியது, மரம் அறுக்க வந்தவனின் பைக்கில் சகாயராஜை நடுவில் உட்கார வைத்துப் பின்னால் இருந்து அணைத்துப் பிடித்துக்கொண்டு போனது எல்லாம் அவர்தான். ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் குழந்தை மாதிரி அழுதார் என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். நம்புகிறேன். அது நடிப்பு இல்லை. அதனால்தான் எனக்கு இன்னும் ஆத்திரமாக இருக்கிறது. அழத் தெரிந்த மனிதர் அவர்.

வலது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் போய்விட்டன. துப்பாக்கிக் குதிரையை இழுக்கும் விரல் எதுவென்று எங்களுக்கு அவர்தான் பாடம் எடுத்திருந்தார்.

பத்து நாள் கழித்து விசாரணைக்கு ஆள் வரப்போகிறது என்று பேச்சு வந்தது. ஒரு பிற்பகல் அவர் என்னை ஆய்வகத்துக்குக் கூப்பிட்டார். மேசைமேல் வெள்ளைத்தாள் இருந்தது, பேனா இருந்தது. அவர் கண்கள் வீங்கியிருந்தன.

"ஒங்க கையெழுத்து நல்லாருக்கும். அன்னைக்கு நடந்தத எழுதிக் குடுத்தா ஒதவியா இருக்கும். விருப்பம் இருந்தா மட்டும் தம்பி."

"என்ன எழுதணும் சார்?"

"உண்மைய எழுதுங்க. சகாயராஜ் விருப்பத்தோடதான வந்தாரு?"

"மொதல்ல வீட்டுக்குப் போறேன்னான் சார்."

ஜன்னலைப் பார்த்தார். ஆய்வகக் குழாய் ஒன்று சரியாக மூடாமல் சொட்டிக்கொண்டிருந்தது. எழுந்து போய் அதை மூடினார். திரும்பி வந்து உட்கார்ந்தார்.

"கடைசியா வந்தாரா, இல்லையா?"

"வந்தான் சார்."

"அவ்வளவுதான். அத எழுதுங்க."

எழுதினேன். 'சகாயராஜ் என்பவர் யாருடைய கட்டாயமும் இன்றித் தானாக முன்வந்தார் என்பதை நான் நேரில் பார்த்தேன்.' கீழே பேர், வகுப்பு, தேதி. இன்னும் ஐந்து பேர் என் தாளைப் பார்த்து எழுதினார்கள். அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை என்று அன்றைக்கு என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன். அவர் எனக்குக் கற்றுக்கொடுத்த பாடங்களிலேயே நான் நன்றாகப் படித்தது அதுதான். சகாயராஜின் இடத்தில் கேம்ப்புக்கு என் பேர் போனது. நானும் போனேன். வெட்கமில்லாமல் போனேன்.

விசாரணை ஒரே நாளில் முடிந்தது. தலைமை ஆசிரியர் அறையில் சகாயராஜின் அம்மாவை உட்கார வைத்து என் தாளை வாசித்துக் காட்டினார்கள். வெளியே வந்தவர் வராந்தாவில் என்னைப் பார்த்தார். "நீதான் எழுதுனியா தம்பி?" என்றார். தலையை ஆட்டினேன். "சரிப்பா" என்றார். அதோடு சரி. சகாயராஜ் பள்ளிக்குத் திரும்பவே இல்லை.

இது நடந்து ஏழு வருடம் ஆகிறது. சகாயராஜ் இப்போது ஜே.சி.பி. ஓட்டுகிறான். மிச்சமிருக்கும் விரல்களால் லீவரை இழுக்கப் பழகிக்கொண்டான். வழியில் பார்த்தால் ஹாரன் அடிப்பான். நான் கை காட்டுவேன். அதற்குமேல் நாங்கள் பேசியதில்லை. நான் பட்டப்படிப்பு முடித்துவிட்டு வேலைக்குத் தேர்வெழுதிக்கொண்டிருக்கிறேன். என்.சி.சி. சான்றிதழுக்குத் தனி மதிப்பெண் உண்டு. விண்ணப்பத்தோடு அதை இணைக்கும் ஒவ்வொரு தடவையும் கை கூசும். இணைத்துவிடுவேன்.

போன மாதம் கறம்பக்குடிச் சந்தையில் அவரைப் பார்த்தேன். தலை நரைத்திருந்தது. எங்கள் பள்ளியிலேயே தலைமை ஆசிரியராகியிருந்தார். என்னைக் கண்டதும் காய்கறிப் பையைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையாலும் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நல்லாருக்கீங்களா தம்பி? அப்பா சௌக்கியமா?"

"இருக்காருங்க சார்."

"புதுப் பசங்களுக்குச் சேவையப் பத்தி யாராச்சும் பேசணும். நம்ம படையில இருந்து வந்தவங்க பேசுனா அவங்களுக்கும் ஒரு இது வரும். வர்ற திங்கக்கெழம பிரேயருக்கு வாரீங்களா? விருப்பம் இருந்தா மட்டும்."

சகாயராஜைப் பற்றி ஒரு வார்த்தை கேட்பார் என்று நின்றேன். கேட்கவில்லை. மறந்திருக்க முடியாது. ஆனால் அவருக்கு நினைக்க வேண்டிய அவசியமும் இல்லை, அதற்கான தாளை நான்தான் எழுதிக் கொடுத்திருக்கிறேனே. "பாக்கறேன் சார்" என்றேன். என் வாயிலிருந்து அதுதான் வந்தது. கையை மட்டும் உருவிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு எழுதினேன். தோப்பு யாருடையது, டிராக்டர் யாருடையது, சகாயராஜ் என்ன சொன்னான், அவர் என்ன சொன்னார், ஆய்வகத்தில் என்னிடம் என்ன கேட்டார், நான் ஏன் எழுதினேன், கேம்ப்புக்கு யார் போனது. நான்கு பக்கம் வந்தது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து சகாயராஜ் வீட்டார் திரும்பியிருக்கும் நேரம் பார்த்துப் போனேன்.

சகாயராஜ் வாசலில் வண்டி துடைத்துக்கொண்டிருந்தான். தாளை நீட்டினேன். நின்றபடியே வாசித்தான். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. திருப்பிக் கொடுத்துவிட்டு, "எங்க அம்மாட்ட நீயே வாசி" என்றான்.

அந்த அம்மா அடுப்படியிலிருந்து ஈரக்கையோடு வந்து கீழே உட்கார்ந்தார். வாசிக்க ஆரம்பித்தேன். 'வீட்டுக்குப் போக வேண்டும், தார்ப்பாய் கட்ட வேண்டும், அம்மாவால் தனியாக முடியாது என்று சகாயராஜ் சொன்னான்' என்ற இடத்தில் கையைக் காட்டி நிறுத்தினார்.

"இரு. அன்னைக்கு இவன் வீட்டுக்கு வரணும்னு கேட்டானா?"

"ஆமாம்மா."

மகனைத் திரும்பிப் பார்த்தார். அவன் கையில் இருந்த துணியை முறுக்கிக்கொண்டிருந்தான்.

"ஏன்டா, எங்கிட்டச் சொல்லவே இல்ல?"

"என்னத்தச் சொல்ல? கடைசியில போனேன்ல."

அந்த அம்மாவுக்குக் குரல் ஏறியது. அந்த ஐந்தாம் நாள் சாயங்காலம் மழை கொட்டியிருக்கிறது. தலைக்குமேல் ஒன்றுமில்லாத வீட்டில் சின்னப் பெண்ணைச் சேலைக்குள் போட்டுக்கொண்டு, மகன் வருவான் வருவான் என்று உட்கார்ந்திருக்கிறார். ஆஸ்பத்திரியிலிருந்து ஆள்தான் வந்தது. அதற்குப் பிறகு வீட்டில் எந்தச் சண்டை வந்தாலும் அவர் அதையே எடுத்திருக்கிறார். ஆத்தாளும் தங்கச்சியும் மழையில கெடக்க ஊரான் தோப்புக்கு ஓடுனவன்தான நீ என்று. அவன் ஒருநாளும் எதிர்த்துப் பேசியதில்லை.

"ஏழு வருசம். ஏழு வருசமா எம் புள்ளயக் கரிச்சுக் கொட்டிட்டேன். ஒனக்குத் தெரியும். தெரிஞ்சுக்கிட்டே நீ எழுதிக் குடுத்துட்டு அங்கிட்டும் இங்கிட்டும் போய்ட்டு வந்துட்டிருக்க." என்மேல் எதையாவது வீசுவார் என்று நினைத்தேன். வீசவில்லை. எழுந்து முந்தானையை இடுப்பில் செருகினார். "நாளைக்குப் பள்ளிக்கூடம் உண்டுல்ல?"

மறுநாள் பிரேயர் முடிந்த பிறகு தலைமை ஆசிரியர் அறைக்குப் போனோம். நான் பேச வந்திருக்கிறேன் என்று நினைத்து அவர் சிரித்த முகத்தோடு எழுந்தார். எனக்குப் பின்னால் வந்த இருவரையும் பார்த்ததும் சிரிப்பு நின்றது. அப்போதும் நாற்காலியை நகர்த்தி, "உக்காருங்கம்மா" என்றார். அந்த அம்மா உட்காரவில்லை. நான் தாளை மேசைமேல் வைத்தேன். இதன் நகலைக் கல்வி அலுவலகத்தில் கொடுக்கப் போகிறேன் என்றேன். அவர் முதல் பக்கத்தை வாசித்தார். இரண்டாம் பக்கத்தைத் திருப்பவில்லை.

"தம்பி, நான் ஒங்கள அன்னைக்கு எழுதச் சொல்லி..." என்று என்னிடம் ஆரம்பித்தார்.

"அந்தப் பஞ்சாயத்த நீங்க பொறவு வச்சுக்கங்க சார்" என்றார் அந்த அம்மா. "எனக்கு ஒண்ணு தெரியணும். எம் புள்ள அன்னைக்கு வீட்டுக்குப் போறேன்னு ஒங்கள்ட்டக் கேட்டானா, இல்லையா?"

"நான் யாரையும் கட்டாயப்படுத்துறதே கெடையாதும்மா. சகாயராஜே சொல்லட்டும். தம்பி, நான் ஒங்கள..."

சகாயராஜ் வாயைத் திறந்தான். அவன் என்ன சொல்லப்போகிறான் என்று எனக்குத் தெரியும். அந்தப் பதில் எங்கள் எல்லோர் வாயிலும் இன்னும் இருக்கிறது.

"நீ பேசாத" என்றார் அம்மா, அவனைப் பார்க்காமலே. "நான் அவரக் கேக்கறேன். கேட்டானா, இல்லையா?"

வெளியே ஏதோ ஒரு வகுப்பில் பையன்கள் சேர்ந்து வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவர் மேசையின் கண்ணாடியில் விரல்களை ஊன்றிக்கொண்டு நின்றார். பார்க்க ஜன்னல் இருந்தது. அவர் அதைப் பார்க்கவில்லை.

"கேட்டாரு."

"நீங்க விட்டீங்களா?"

நான் அவரை நான்கு வருடம் பார்த்திருக்கிறேன். ஒரு கேள்விக்கு அவர் இவ்வளவு சிறிய பதில் சொல்லிக் கேட்டதில்லை.

"விடல."

அந்த அம்மா தலையை ஒருமுறை ஆட்டினார். அவருக்குக் கேட்க வேறு எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை. தலைமை ஆசிரியர் இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதைக் கேட்க அந்த அம்மா நிற்கவில்லை. மகனின் வலது கையைப் பிடித்துக்கொண்டார். விரல் இல்லாத அந்தக் கையை யாரும் தொடுவதை அவன் விரும்ப மாட்டான், எப்போதும் பேண்ட் பையில்தான் வைத்திருப்பான். அன்றைக்கு இழுத்துக்கொள்ளவில்லை. இருவரும் அப்படியே படியிறங்கி மைதானத்தைக் கடந்து கேட்டுக்குப் போனார்கள்.

நானும் இறங்கினேன். அவர்கள் பைக்கைக் கிளப்புவதை வராந்தாவில் நின்று பார்த்தேன். என்னை வா என்று அவர்கள் கூப்பிடவில்லை. நான் கல்வி அலுவலகத்துக்குப் பஸ் ஏறினேன்.